அக்கா என் நாக்குக்கு அடியில் வைத்த மாத்திரை

1

சரியாகப் பதினொன்று நாற்பது. நேரத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. மற்ற எல்லாவற்றிலும் இருக்கிறது. என் கைபேசியில் இரண்டு கடிகாரங்கள் உண்டு. ஒன்று ஊர் நேரம், இன்னொன்று லெஸ்டர் நேரம். லெஸ்டரில் அப்போது ஏழு பத்து. என் மனைவி லில்லி இரவு வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். ஒரு வார்த்தை பேசலாம் என்று எடுத்தவன், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, சோற்று அண்டாவைத் தூக்குகிற மூங்கில் கம்பின் ஒரு முனையைத் தோளில் வாங்கினேன்.

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற சாலையில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் ஊர். சுற்றிலும் கரிசல் காடு. வருடத்துக்கு ஒரு நாள் எங்கள் தேவாலயத்தில் அசனம் நடக்கும். வீட்டுக்கு வீடு அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து கொட்டி, ஆலய முற்றத்தில் அடுப்பு வெட்டி, ஆண்கள் சமைத்து, ஊர் முழுக்க ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும். நான் இங்கிலாந்துக்குப் போய்ப் பதினேழு வருடம். அசன நாளில் ஊரில் இருக்கும்படி விடுப்பு அமைந்தது இதுதான் முதல் தடவை.

அண்டாவை இறக்க நான்கு ஆள் வேண்டும். மூன்று பேர் நின்றார்கள். நான் போய் நின்றதும் சமையலுக்குத் தலைமை தாங்கிய தேவதாஸ் அண்ணாச்சி அகப்பையை ஓங்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏய், இவிய கைய விடச் சொல்லுங்கடே. நெஞ்சுக்காரரு!"

"ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி."

"ஒண்ணும் ஆகாதா? லண்டன்ல ஓடுன நெஞ்சு. ஒடஞ்சுதுன்னா பார்ட்ஸ் இங்கன கிடைக்காது, பாத்துக்கிடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் எரிச்சல். வந்த நாளிலிருந்து இதே பாட்டு. தண்ணீர்க் குடம் தூக்காதே, மாடி ஏறாதே, கறிக்குழம்பில் மேலே மிதக்கிற எண்ணெயை வடித்துவிட்டு ஊற்றிக்கொள். அந்த முற்றத்தில் கூடியிருந்த அத்தனை பேரிலும், என் நெஞ்சுக்கு ஒரு குறையும் இல்லை என்று தெரிந்தவன் நான் ஒருவன் மட்டும்தான். அதனால்தான் தூக்கினேன்.

எட்டு அடி எடுத்து வைத்திருப்போம். யாரோ என் நெஞ்சின் மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அண்டாவை இறக்கி வைத்துவிட்டு வேப்ப மரத்தடிக்குப் போனேன். அடுப்புப் புகை என்று நினைத்தேன். வெயில் என்று நினைத்தேன். காலையில் தின்ற பணியாரம் என்று நினைத்தேன். இடது தோள் இழுத்தபோது மூங்கில் கம்பின் அழுத்தம் என்றே நினைத்தேன். நெஞ்சாக இருக்கலாம் என்று மட்டும் தோன்றவில்லை. எனக்கு நெஞ்சு நோய் என்பது நானே கட்டிய கதை அல்லவா? நாம் கட்டிய கதை எப்படி நம்மை வலிக்கச் செய்யும்? இப்படியே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

2

கதையை எப்போது கட்டினேன் என்று சொல்ல வேண்டும்.

இருபது வருடத்துக்கு முன்னால், கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. எப்படி வந்தது என்று கேட்பீர்கள். எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். அதை நான் எழுதப்போவதில்லை. ஒரு பதில் சொன்னால் பாவம் என்பீர்கள், இன்னொரு பதில் சொன்னால் பாவி என்பீர்கள். இரண்டுமே எனக்கு வேண்டாம். லில்லிக்கும் எங்கள் மகள் பெனிட்டாவுக்கும் பரிசோதனை செய்தோம், இருவருக்கும் இல்லை. அன்று ஆஸ்பத்திரி வாசலில் பெனியைத் தூக்கி வைத்துக்கொண்டு லில்லி அழுதாள். பெனிக்கு அப்போது இரண்டு வயது. அம்மா ஏன் அழுகிறாள் என்று தெரியாமல், தன் கையில் இருந்த பிஸ்கட்டை அவள் வாயில் திணித்தாள்.

மாத்திரை ஆரம்பித்த இரண்டாம் வாரம் ஞானம் அக்கா வீட்டுக்கு வந்தாள். என்னைவிட எட்டு வயது மூத்தவள். ஊர் ஆரம்பப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். அவள் கண்ணில் படாமல் ஒரு காகிதம்கூட வீட்டுக்குள் இருக்க முடியாது. அலமாரியில் இருந்த டப்பாவைத் தூக்கி, "என்னலே மாத்திர இது? இம்புட்டு கிடக்கு?" என்றாள்.

"நெஞ்சுக்கு" என்றேன்.

யோசிக்கவே இல்லை, தானாக வந்தது. எங்கள் அப்பா நாற்பத்தெட்டு வயதில், ஆலயத்தில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தபோதே நெஞ்சு வலியில் சாய்ந்தவர். அந்தச் சாவு எங்கள் வீட்டில் தயாராக இருந்தது. எடுத்துப் போர்த்திக்கொண்டேன்.

அக்கா டப்பாவைக் கீழே வைத்தாள். "அப்பா மாதிரியா?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஜெபச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். எங்கள் ஆலயத்தில் ஆராதனைக்கு முன்னால் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் எங்கள் போதகரான ஐயர் பேர் சொல்லி வாசிப்பார், சபை ஜெபிக்கும். "தம்பியின் இருதயத்துக்காக." அன்றிலிருந்து அந்தச் சீட்டு நின்றதில்லை. நான் லெஸ்டர் போன பிறகும் வாரா வாரம், "இங்கிலாந்தில் இருக்கும் தம்பியின் இருதயத்துக்காக." இருபது வருடம். ஒரு குறையும் இல்லாத ஒரு நெஞ்சுக்காக ஒரு சபை முழுக்க முழங்காலில் நின்றது.

3

லெஸ்டரில் என் நாள் எப்படிப் போகும் என்பதையும் சொல்கிறேன். ஒரு பார்சல் கிடங்கில் சரக்கு மேற்பார்வை. லில்லிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. மதியச் சாப்பாட்டோடு ஒரு நீள மாத்திரை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கிளினிக். ரத்தம் எடுப்பார்கள், அடுத்த வாரம், கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கியிருக்கிறது என்று செய்தி வரும். என்னிடமிருந்து யாருக்கும் பரவாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். நான் அதைக் கேட்டுக்கொண்டு பேருந்து ஏறி வீட்டுக்கு வருவேன். இவ்வளவுதான் நோய். பல வருடங்களாக இவ்வளவுதான்.

அங்கே இரண்டு வகை வைத்தியர்கள். கிருமிக்குக் கிளினிக், மற்ற எல்லாவற்றுக்கும் தெரு முனையில் இருக்கிற குடும்ப மருத்துவர். கிளினிக்கில் இருப்பவர்கள், "உங்கள் குடும்ப மருத்துவருக்கு எழுதலாமா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். நான் ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்பேன். குடும்ப மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிற பெண் நாகர்கோவில்காரி. எங்கள் தமிழ் ஆராதனைக்கு வருகிறவள். கணினியில் என் பேரைத் தட்டுகிறவள் அவள். சொன்னால் சட்டப்படி அவள் வாயைத் திறக்கக் கூடாது என்று கிளினிக் நர்ஸ் சொன்னாள். சட்டத்துக்குத் தமிழ் ஆராதனை முடிந்து காபி குடிக்கிற அந்த அரைமணி நேரம் தெரியாது.

ஏழு மாதத்துக்கு முன்னால் அதே நர்ஸ் ஒரு புதுப் பேச்சை எடுத்தாள். கிருமி அடங்கியிருந்தாலும் உடம்புக்குள் ஒரு சின்ன அழற்சி ஓயாமல் இருந்துகொண்டே இருக்கும். அது ரத்தக் குழாய்களை மெல்ல மெல்லக் கெடுக்கும். ஆரம்ப காலத்து மாத்திரைகளில் சிலவும் அதற்குத் துணை போயிருக்கலாம். அதனால் என்னைப் போன்றவர்களுக்கு நெஞ்சு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். நாற்பது தாண்டியவர்களுக்கு இப்போது கொழுப்பு மாத்திரை ஒன்றையும் கொடுக்கிறோம் என்றாள்.

"குடும்பத்தில் யாருக்காவது இதய நோய்?"

"அப்பாவுக்கு" என்றேன். சொல்லும்போதே முகம் சூடேறியது. அந்தச் சாவை நான் ஏற்கனவே வேறொன்றுக்குப் பயன்படுத்திவிட்டேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

என் மாத்திரையோடு சில கொழுப்பு மாத்திரைகள் சேராது, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற சில மருந்துகளும் சேராது என்று ஒரு தாளில் அச்சடித்து, சேராதவற்றைச் சிவப்பில் காட்டிக் கொடுத்தாள். எனக்குப் பொருத்தமான மாத்திரையை மூன்று டப்பா தந்தாள். வீட்டுக்கு வந்து அந்த மூன்று டப்பாவையும் தாளையும் சமையலறை இழுப்பறைக்குள், பழைய சாவிகளுக்கு அடியில் வைத்தேன். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

ஏன் என்று இன்றுவரை தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. நான் வேதியியல் படித்தவன். மூடநம்பிக்கைக்காரன் இல்லை. ஆனால் உண்மையான நெஞ்சு மாத்திரையை விழுங்கினால் என் பொய் மெய்யாகிவிடும் என்று ஒரு பயம். இன்னொன்று, பெனி கேட்டால் என்ன சொல்வது? ஏற்கனவே ஒரு நெஞ்சு மாத்திரை சாப்பிடுகிறவனுக்கு இன்னொன்று எதற்கு?

பெனிக்கும் அதே கதைதான் சொல்லியிருந்தோம். அப்பாவுக்கு நெஞ்சு சரியில்லை, கத்தாதே, ஓடாதே. சின்ன வயதில் நான் சோபாவில் தூங்கினால் வந்து என் நெஞ்சில் காது வைத்துக் கேட்பாள். பதினோரு வயதில் பள்ளியில் ஐந்து நாள் முகாம், வேல்ஸ் மலைப்பக்கம். கயிற்றில் ஏறலாம், படகு ஓட்டலாம் என்று மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தாள். கிளம்புகிற அன்று முதுகில் பையோடு பேருந்துக்குள் ஏறி உட்கார்ந்தவள், இறங்கி வந்துவிட்டாள். "நான் போயிட்டா அப்பாவ யாரு பாத்துக்குவா?" என்றாள். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அக்கா அந்த வாரம் ஆலயத்தில் ஸ்தோத்திர காணிக்கையே வைத்தாள், தகப்பன் மேல் இவ்வளவு பாசமுள்ள பிள்ளைக்காக.

இப்போது பெனிக்கு இருபத்திரண்டு. படிப்பு முடிந்ததும் எங்களை விட்டு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம், வடக்கே ஒரு கடலோர நகரத்தில் வேலை தேடிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவாள். பேச்சு வர வரக் குறைந்தது. தமிழும் குறைந்தது. கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் மிச்சம். "மாத்திரை போட்டீங்களா?" போட்டேன் என்பேன். அது உண்மைதான். அந்த நாடு பிள்ளைகளை இப்படி ஆக்கிவிடுகிறது என்று லில்லியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

4

வேப்ப மரத்தடியில் என்னை முதலில் பார்த்தவள் அக்காதான். பந்திக்கு இலை எண்ணிக்கொண்டு வந்தவள், இலைக்கட்டைக் கீழே போட்டாள்.

"ஏலே, என்ன இப்படி வேர்த்திருக்கு? மொகமெல்லாம் சாம்பலா கிடக்கு?"

"வெயிலுக்கா. கொஞ்ச நேரத்துல சரியாப் போவும்."

"அண்டாவத் தூக்குனியாமே? ஒனக்குக் கூறு இருக்காலே? அப்பா போனது பத்தாதா?" கேட்டுக்கொண்டே அவள் கை என் சட்டைப்பைக்குள் போய்விட்டது. அன்றைய மதிய மாத்திரையைச் சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் அங்கேதான் வைத்திருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். "வாயத் தொற. நாக்கத் தூக்கு."

"அக்கா, இது அப்படி..."

"பேசாத! நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியிலதான் வைக்கணும். டிவியில தெனமும் சொல்லுதான்."

சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். ஐயர் அங்கியோடு நிற்கிறார். தேவதாஸ் அண்ணாச்சி அகப்பையோடு நிற்கிறார். நான் வாயைத் திறந்தேன். எச்.ஐ.வி. மாத்திரையை என் அக்கா என் நாக்குக்கு அடியில் வைத்தாள். அது சோற்றோடு முழுசாக விழுங்குகிற மாத்திரை. நாக்குக்கு அடியில் அடங்காத நீளம். ஒரு முனை பல்லில் இடித்துக்கொண்டு நின்றது.

"கரையுதா? கரையுதாலே?"

நான் தலையை ஆட்டினேன்.

"கரையுதாம்" என்று அக்கா எல்லோருக்கும் சொன்னாள். "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று யாரோ சொன்னார்கள். கசப்பு தொண்டைக்குள் இறங்கியது. அந்த நிமிடம்தான் முதல் முறையாக, இது நெஞ்சு வலிதான் என்று எனக்குப் புரிந்தது. என் வாயில் இருப்பது அதற்கான மருந்து இல்லை என்பதும் சேர்ந்தே புரிந்தது.

5

யாருடைய காரோ. இரண்டு பக்கமும் வெடித்துக் கிடந்த கரிசல். அக்கா என் தலையை மடியில் வைத்துக்கொண்டு சங்கீதம் சொல்லிக்கொண்டே வந்தாள். கோவில்பட்டியில் ஒரு ஆஸ்பத்திரி. சின்ன வயது டாக்டர் அம்மா. ஈசிஜி எடுத்துப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. மென்று விழுங்கச் சொல்லி ஒரு மாத்திரை கொடுத்தார், ஆஸ்பிரின். அது சேரும் என்று தெரியும், மென்றேன்.

"எத்தன வருஷமா ஹார்ட் பிரச்சினை?"

அக்கா முந்திக்கொண்டாள். "இருவது வருசம் டாக்டர். லண்டன் மாத்திர. நாக்குக்கு அடியில வச்சிட்டுத்தான் கூட்டிட்டு வந்தோம்."

"என்ன மாத்திரை?"

"பேரு இவனுக்குத்தான் தெரியும். சொல்லுல."

நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"பழைய ஈசிஜி, எக்கோ ஏதாவது இருக்கா? ஆஞ்சியோ பண்ணியிருக்கா? ஸ்டெண்ட் வச்சிருக்கா?"

அக்கா என்னைப் பார்த்தாள். "வச்சிருக்காலே?"

"இல்ல."

"இருபது வருஷ ஹார்ட் பேஷண்ட், ஒரு எக்கோகூட இல்லையா?" டாக்டர் அம்மா என்னைத்தான் பார்த்துக் கேட்டார். அதற்குள் நர்ஸ் ஒரு சின்னக் கிண்ணத்தில் நான்கைந்து மாத்திரைகளைக் கொண்டுவந்து நீட்டினாள். "டக்குனு முழுங்குங்கய்யா."

கிண்ணத்தைக் கையில் வாங்கினேன். அதில் ஒன்று கொழுப்பு மாத்திரையாக இருக்க வேண்டும். இன்னொன்று ரத்தம் உறையாமல் இருக்க. சிவப்பில் அச்சடித்திருந்தவை இவைதானா, இல்லையா? தாள் லெஸ்டரில் சாவிகளுக்கு அடியில் கிடக்கிறது. முழுங்கினால் என்ன ஆகும், முழுங்காவிட்டால் என்ன ஆகும்? வாயைத் திறந்து மூன்று எழுத்து சொன்னால் போதும். அக்கா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நர்ஸ் நின்றாள். வாசலில் தேவதாஸ் அண்ணாச்சி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முழுங்குல. என்ன யோசன? படிச்சவன்தான நீ?"

"பேனா" என்றேன்.

டாக்டர் அம்மா தன் பேனாவைத் தந்தார். சட்டைப்பையில் அசனச் சீட்டு இருந்தது, பந்திக்குக் கொடுக்கிற மஞ்சள் சீட்டு. அதன் பின்பக்கத்தில் எழுதினேன். என் எழுத்து எனக்கே விளங்கவில்லை. அவர் வாசித்தார். சீட்டை மடித்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அம்மா, இவரு ஆதார் கார்டு ஜெராக்ஸ் மூணு வேணும். ரிசப்ஷன்ல குடுத்துட்டு வாங்க."

"அவன் லண்டன் பாஸ்போர்ட்டுல்லா டாக்டர்."

"அப்ப அத எடுங்க. எல்லாப் பக்கமும் வேணும்."

எல்லாப் பக்கமும்! அரசாங்க ஆபீஸ்களிலும் விசா அலுவலகங்களிலும் எத்தனையோ ஜெராக்ஸ் கொடுத்திருக்கிறேன். ஒரு ஜெராக்ஸுக்காக நான் நன்றி சொல்லத் தோன்றியது அன்று மட்டும்தான். அக்கா முணுமுணுத்துக்கொண்டே போனாள். நர்ஸை அவரே வேறு வேலை சொல்லி அனுப்பினார்.

"எத்தன வருஷமா?"

"இருபது. அடங்கித்தான் இருக்கு."

"மாத்திரை பேரு?"

பேர் வரவில்லை. தினமும் விழுங்குகிறதன் பேர் வரவில்லை. லில்லிக்குப் போன் போட்டுக் கொடுத்தார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "அக்கா பக்கத்துல நிக்காளா?" என்பதுதான். இரண்டாவதாகத்தான் அழுதாள். நான் சொன்ன இழுப்பறையைத் திறந்து தாளைப் படம் பிடித்து அனுப்பினாள். அனுப்பிவிட்டு, "இது என்ன மூணு டப்பா? ஒண்ணும் பிரிக்காம கிடக்கே?" என்றாள். நான் கைபேசியை டாக்டர் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

அவர் படத்தைப் பெரிதாக்கி வாசித்தார். பிறகு கிண்ணத்துக்குள் விரலை விட்டு, "இது வேண்டாம். இதுவும் வேண்டாம்" என்று இரண்டு மாத்திரைகளை எடுத்துப் போட்டார். திருநெல்வேலியில் இருக்கிற இதய டாக்டரைப் போனில் பிடித்து, நான் கேட்கும்படியே எல்லாவற்றையும் பேசி, ஒன்றுக்கு மாற்று கேட்டுக்கொண்டார். பிறகு என்னிடம் குனிந்தார்.

"நல்ல நேரத்துல சொன்னீங்க. ஆனா ரெஃபரல் லெட்டர்ல நான் எழுதித்தான் ஆகணும். அங்க இருக்கிறவங்களுக்குத் தெரியணும்."

"எழுதுங்க" என்றேன்.

6

ஆம்புலன்ஸில் அந்தக் கடிதம் ஒரு பிளாஸ்டிக் ஃபைலுக்குள் இருந்தது. ஃபைல் அக்காவின் மடியில் இருந்தது. கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி ஒரு மணி நேரம்.

கயத்தாறு தாண்டுகிறவரை அவள் அதைத் திறக்கவில்லை. பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். தாள் புரளும் சத்தம் கேட்டது.

"டாக்டருக்குப் படிச்சும் கையெழுத்தப் பாரு. நாலாங் கிளாஸ் பிள்ள எழுதும் இதவிட" என்றாள்.

இன்னொரு தாள் புரண்டது. அதற்குப் பிறகு அக்காவிடமிருந்து சத்தமில்லை. எங்கள் அக்கா ஒரு பேருந்துப் பயணச் சீட்டைக்கூட முழுக்க வாசிக்காமல் விடமாட்டாள். வாசித்ததைப் பற்றிச் சொல்லாமலும் விடமாட்டாள். கண்ணைத் திறந்து பார்த்தேன். கண்ணாடி கழற்றியிருந்தாள். ஃபைலை மூடி, அதன் மேல் தன் கைப்பையை வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். திருநெல்வேலியில் இறங்கியதும் கம்பவுண்டர் ஒருவர் வாங்கக் கை நீட்டினார். "டாக்டர் கையிலதான் குடுப்பேன்" என்று சொல்லிவிட்டாள்.

வாசித்தாளா? எல்லாவற்றையும் வாசித்து, அந்த மூன்று எழுத்தை மட்டும் விட்டுவிட்டாளா? எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

7

ஒரு குழாய் முக்கால்வாசி அடைத்திருந்தது. அன்று சாயங்காலமே ஸ்டெண்ட் வைத்தார்கள். இதய டாக்டரிடம் நான் கேட்ட கேள்வி எனக்கே அபத்தமாக இருந்தது: "கிருமி அடங்கித்தானே இருக்கு, பிறகு ஏன்?"

அவர் பொறுமையாகத்தான் சொன்னார். "இதனாலதான்னு ஒண்ணக் கை காட்ட முடியாது சார். உங்கப்பா ஒரு பங்கு. சர்க்கரை எல்லையில நிக்கி, அது ஒரு பங்கு. அந்தக் கிருமி உள்ள அடங்கியே இருந்தாலும், இத்தனை வருஷத்துல அது ஒரு பங்கு. நீங்க அந்த மாத்திரையப் போட்டு நல்லா வாழுதீங்க. நல்லா வாழுறவங்களுக்குத்தான் நெஞ்சப் பாத்துக்கிற வேலையும் வருது. கொழுப்பு மாத்திரை யாரும் சொல்லலையா?"

"சொன்னாங்க" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

அக்கா கூடவே இருந்தாள். என் டம்ளரில் மிச்சமிருந்த காபியை எப்போதும்போலத் தானே குடித்தாள். எப்போதும் செய்வதுதான்; அதனால் அதை வைத்து ஒன்றையும் முடிவுகட்ட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு ஊருக்குப் போய்விட்டு மறுநாள் வந்தாள். ஆரஞ்சை உரித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"இந்த வாரம் சீட்டுல இருதயம்னு எழுதலல. ஒம் பேர மட்டும் எழுதிக் குடுத்தேன். எதுக்குன்னு ஆண்டவருக்குத் தெரியாதா?"

"அக்கா..."

"தின்னு. கொட்டைய முழுங்கிராத."

லில்லியால் வர முடியவில்லை. பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கியபின் நாங்கள் இந்தியாவுக்கு வர ஒரு அட்டை வேண்டும். அவளுடையது புதுப்பிக்கப் போய் எந்த மேசையிலோ கிடக்கிறது. பிறந்த நாட்டில் புருஷன் படுத்திருக்கிறான், அவள் இணையத்தில் விண்ணப்ப நிலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெனியின் அட்டை சரியாக இருந்தது. பெனி வருகிறாள் என்று லில்லி போனில் சொன்னாள். பிறகு, "அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேங்க. ஏர்போர்ட்டுல வச்சு. என்னால முடியல" என்றாள்.

"என்ன சொன்னா?"

"அந்த மூணு டப்பாவையும் குடுத்தேன். டப்பாவ வாங்கிட்டு உள்ள போயிட்டா."

அவள் விமானத்தில் இருந்த அத்தனை மணி நேரமும் என் கட்டிலுக்கு மேல் ஒரு கருவி என் நெஞ்சுத் துடிப்பைக் கோடாக வரைந்துகொண்டிருந்தது. அது ஏறுவதையும் இறங்குவதையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன சொல்லப்போகிறாள்? அருவருப்பாளா? அழுவாளா? எப்படி வந்தது என்று கேட்பாளா? ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிலை உண்டாக்கி வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை நண்பகலில் வந்தாள். முதுகில் பெரிய பை. முகமெல்லாம் வெயில். அக்கா எழுந்து, "வந்தியா மக்களே" என்று கட்டிப்பிடித்து, தலையை முகர்ந்து, "காபி வாங்கிட்டு வாரேன், நீங்க பேசிக்கிட்டிருங்க" என்று பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போனாள். பிளாஸ்க் நிறையக் காபி இருந்தது.

பெனி பையைத் திறந்து மூன்று டப்பாவையும் எடுத்து என் தலைமாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். பிறகு கருவியைப் பார்த்தாள், அந்தக் கோட்டை. 

"அப்பா, நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது உங்க ஹார்ட்டுல ஒண்ணுமே இல்லையா?"

"இல்லம்மா."

"வேல்ஸ் கேம்ப்புக்குப் பஸ் நின்னுச்சே, அன்னைக்கும்?"

"அன்னைக்கும் ஒண்ணும் இல்ல."

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். பை இன்னும் ஒரு தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப நான் போயிருப்பேன்ப்பா" என்றாள்.